சும்மா கிடக்கிற வெளி இல்லை, அது ஆறு

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் உள்ளவர்கள் முழுக்க வாசியுங்கோ. பாதியில் நிறுத்திவிட்டுக் கீழே வந்து சண்டை பிடிக்காதேங்கோ.

ஊரில் கொஞ்ச நாளாக ஒரு கதை நடக்கிறது. "வாதரவத்தைக்கு அங்கால அவ்வளவு வெளியும் சும்மாதானே கிடக்குது. நாலு லோட் கிரவல் பறிச்சு மேடாக்கினா எத்தனை குடும்பத்துக்குக் காணி குடுக்கலாம்!" தேத்தண்ணிக் கடையில் இதைச் சொல்கிறார்கள், கூட்டத்தில் சொல்கிறார்கள், படித்த ஆட்களும் சொல்கிறார்கள். அந்தக் கதைக்குப் பின்னால் டிப்பர் வருகிறது. டிப்பருக்குப் பின்னால் கோழிக்கடைக் கழிவும் உடைத்த வீட்டுக் கல்லும் உரப்பையில் கட்டிய குப்பையும் வருகின்றன. "சும்மா" என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அந்தச் சொல் பொய்.

என்னுடைய வகுப்பில் இருந்தே தொடங்குகிறேன். இலங்கையில் எத்தனை ஆறுகள் என்று கேட்டால் பிள்ளைகள் 103 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்கள். மகாவலி 335 கிலோமீற்றர் என்பதும் தெரியும். உப்பாறு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வகுப்பு அமைதி. அந்த வகுப்பில் மூன்று பிள்ளைகள் உப்பாற்றுக் கரையில் இருந்துதான் சைக்கிளில் வருகிறார்கள். ஒரு பெடியன் யோசித்துவிட்டுச் சொன்னான்: "ஆறெண்டா தண்ணி ஓடவேணும் ரீச்சர். அது வெளி." பிள்ளையில் பிழை இல்லை. நாங்கள் வீட்டில் சொல்லிக்கொடுத்ததை அவன் திருப்பிச் சொல்கிறான்.

உப்பாறு எது என்று தெரியாத ஆட்களுக்காகச் சொல்கிறேன். வடக்கே தொண்டைமானாற்றில் கடல் வாய். அங்கிருந்து உள்ளே வருகிற களப்பு, கிழக்கே வடமராட்சியின் முதுகோடு நீண்டு போகிறது. வல்லைப் பக்கத்தில் அதிலிருந்து இன்னொரு பள்ளம் தெற்கே திரும்புகிறது. அதுதான் உப்பாறு. ஆவரங்கால், புத்தூர், நீர்வேலி, கோப்பாய், இருபாலை எல்லாம் அதன் மேற்குக் கரை. சரசாலை, மட்டுவில், கைதடி, நாவற்குழி கிழக்குக் கரை. அரியாலை, நாவற்குழிப் பாலத்தடியில் அது யாழ்ப்பாணக் கடல்நீரேரியோடு சேருகிறது. வலிகாமத்தையும் தென்மராட்சியையும் பிரிக்கிற கோடு கச்சேரியில் யாரோ பென்சிலால் கீறியது இல்லை. இந்தப் பள்ளம் கீறிய கோடு அது.

கோடையில் அங்கே போனால் தண்ணீர் இல்லை என்பது உண்மைதான். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் தரை வெடித்து, உப்புப் பூத்து, உமரி மட்டும் சிவந்துபோய்க் கிடக்கும். பிறகு ஐப்பசி, கார்த்திகை. வலிகாமத்துச் செம்மண் மேட்டில் விழுகிற மழை கிழக்கே சரிந்து இந்தப் பள்ளத்துக்குத்தான் வரும். தென்மராட்சியின் தண்ணீரும் மற்றப் பக்கத்தால் இதற்குள்தான் இறங்கும். மாரியில் அதே வெளியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். வருடத்தில் நாலு மாதம் வேலை செய்கிற ஆளை மிச்ச எட்டு மாதமும் "இப்படி ஒருவர் இல்லை" என்று சொல்லுவீர்களா?

வறண்ட நாட்டு ஆறுகள் பலவும் இப்படித்தான். அரபு நாடுகளுக்கு வேலைக்குப் போய் வந்த அண்ணைமார் இந்த ஊரிலும் இருக்கிறீர்கள். "வாதி" என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். வருடக்கணக்கில் மணலாகக் கிடக்கும் பள்ளத்தாக்கு, மழை வந்தால் ஒரு மணித்தியாலத்தில் ஆறாகும். மக்கா மாநகரமே அப்படிப்பட்ட ஒரு பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. 1941 இல் வெள்ளம் வந்து கஅபாவைச் சுற்றி ஆட்கள் நீந்துகிற படம் பலர் பார்த்தது. அந்த நாட்டு ஒட்டக வழிகளும் பெரும்பாலும் வாதிகளோடுதான் போயின, ஏனென்றால் கிணறு தோண்டினால் தண்ணீர் வருகிற இடம் அதுதான். இதெல்லாம் தெரிந்த நாட்டிலேயே ஜித்தாவில் வாதிகளை மறித்து வீடும் வீதியும் கட்டினார்கள். 2009 நவம்பர் 25 அன்று மழை பெய்தது, சில மணித்தியாலத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாலைவனத்து நகரத்தில் சனம் வெள்ளத்தில் செத்தது. காசில்லாத நாடா அது? "சும்மா கிடக்குது" என்று அங்கேயும் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எங்களுக்கு ஜித்தா வரைக்கும் போகத் தேவையில்லை. 2008 நவம்பரில் நிஷா புயல், 2024 நவம்பரில் ஃபெங்கல். இரண்டு முறையும் எந்தப் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது, எந்தப் பக்கத்துச் சனம் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்தது என்று ஊருக்குத் தெரியும்.

இனிக் கொஞ்சம் கசப்பான விசயம். காணி இல்லாத குடும்பங்களுக்குக் காணி கிடைக்கவேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் அந்தக் காணி ஏன் எப்போதும் பள்ளத்திலேயே இருக்கிறது? வீதிக்கு மேற்கே, செம்மண்ணில், நல்ல தண்ணீர்க் கிணற்றோடு, பூட்டிய படலையோடு, சொந்தக்காரர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எத்தனை வளவுகள் பற்றை மண்டிக் கிடக்கின்றன? அதை யாரும் "சும்மா கிடக்குது" என்று சொல்லுவதில்லை. அது "இன்னாரின்ர வளவு". ஆறு மட்டும்தான் சும்மா. அந்த ஆற்றுக்குள் யாரை இருத்தப் பார்க்கிறோம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். நான் பெயர் சொல்லி எழுதத் தேவையில்லை. சுடலைக்கும் தண்ணீருக்கும் கோயில் வாசலுக்கும் போராடிய சனத்துக்கு வெள்ளம் வருகிற நிலத்தைக் கொடுத்துவிட்டு, அதைத் தர்மம் என்று படம் பிடித்துப் போடாதேங்கோ.

அடுத்த கதை: "அங்கால ஒரு வரலாறும் இல்லை, கோயில் இல்லை, கட்டடம் இல்லை." கட்டடம் இருந்தால்தான் வரலாறு என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? வழியும் வரலாறுதான். இந்தப் பள்ளத்தைக் கடக்கிற இடங்களை வடக்கிலிருந்து எண்ணிப் பாருங்கோ. வல்லைப் பாலம். எங்கட புத்தூர்–மீசாலை வீதியில் வண்ணாத்திப் பாலம். பிறகு கோப்பாய்–கைதடி வீதி. கடைசியில் செம்மணியால் போய் நாவற்குழிப் பாலம். வலிகாமத்தில் இருந்து கிழக்கே தரையால் போகவேண்டும் என்றால் பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றால்தான் போகவேண்டும். அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான்.

யாழ்ப்பாணத்து அரசர்களுக்கு நல்லூருக்கு அடுத்ததாகக் கோப்பாயில் ஏன் ஒரு கோட்டை இருந்தது? 1560 இல் போர்த்துக்கேயப் படை நல்லூருக்குள் வந்தபோது சங்கிலி மன்னன் கோப்பாய்க்குப் பின்வாங்கி, அங்கிருந்து பெருநிலப்பக்கம் தப்பிப் போனான். படத்தை விரித்துப் பாருங்கோ. கோப்பாய்க்குக் கிழக்கே இந்தப் பள்ளம், அதற்கு அப்பால் தென்மராட்சி, அதற்கு அப்பால் ஆனையிறவு. அந்தக் கோட்டை ஒரு கடவையின் வாசலில் இருந்தது. கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் படித்த காலத்தில் கைதடிப் பக்கம் பஸ்ஸில் போய்வரும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவில் ஓடும். நிலாவரைக்குப் பக்கத்தால் போகிற பாதைக்கும் இராச வீதி என்றுதான் இன்னும் பெயர்.

உப்பின் கதை இன்னும் பழையது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில் கருணாகரத் தொண்டைமான் கதை வருகிறது. கரணவாய், வெள்ளப்பரவைப் பக்கம் தானாக விளைகிற உப்பை ஏற்றிப் போவதற்காக அவன் அந்த ஆற்றை வெட்டி ஆழமாக்கினான், அதனால்தான் தொண்டைமானாறு என்று பெயர் வந்தது என்பது கதை. கதையில் எவ்வளவு உண்மை என்று சரித்திரகாரர்கள் அடிபடட்டும். என்னைப் பொறுத்தவரை ஒன்று போதும். உப்பு விளைகிற பள்ளத்துக்காகப் படையும் கப்பலும் வந்ததாக எங்கட முன்னோர் நம்பினார்கள். நாங்கள் அதே பள்ளத்துக்குக் குப்பை அனுப்புகிறோம்.

அதே வைபவமாலையில் சோனகர் பற்றியும் ஒரு கதை உண்டு. முதலில் தென்மராட்சியில், உசன் பக்கம் குடியிருந்து, பிறகு நல்லூர்ப் பக்கம் வந்தார்கள் என்று. உசனில் இருந்து நல்லூருக்கு எப்படி வருவது? இந்தப் பள்ளத்தைக் கடந்துதான். "ரீச்சர், நீங்கள் இந்த ஊர் இல்லையே, உங்களுக்கு ஏன் உந்த வெளியில இவ்வளவு அக்கறை" என்று கேட்கிற ஓரிருவருக்கு இது பதிலாக இருக்கட்டும்.

இன்னும் சாதாரண வழிகள் இருக்கின்றன. பங்குனித் திங்களில் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனுக்குப் பொங்கப் போகிற வலிகாமத்துச் சனம் பானையும் அரிசியுமாக இந்தப் பள்ளத்தைத்தான் கடக்கிறது. மட்டுவில் கத்தரிக்காயும் தென்மராட்சிப் பலாப்பழமும் மேற்கே வருவதும் இதால்தான். வல்லைவெளியால் இரவில் போகப் பயந்து முனியப்பரைக் கும்பிட்டுப் போன வண்டில்காரரின் பேய்க்கதை கேட்காமல் வடமராட்சியில் யாராவது வளர்ந்திருக்கிறார்களா? நிழலும் தண்ணியும் இல்லாத வெளியைக் கடக்கவேண்டும் என்பதால்தான் முந்தின சனம் தெருவோரமெல்லாம் மடம் கட்டியது, கேணி வெட்டியது, தலைச்சுமை இறக்கச் சுமைதாங்கி வைத்தது, மாடு உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல் நட்டது. முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்காகக் காசு செலவழித்த ஆட்கள் அவர்கள். வீதியை அகலமாக்கும்போது அந்தக் கல்லுகளில் எத்தனையைத் தூக்கி மதகுக்குள் போட்டோம் என்று கணக்கெடுக்க ஆள் இல்லை.

ஒக்டோபர் 30 என்ற திகதியையும் இங்கே சொல்லவேண்டும். 1990 இல் அந்த நாளில்தான் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்து வெளியேறச் சொன்னார்கள். எங்கட வீட்டுச் சனமும் அதில் போனது. நான் பிறந்தது புத்தளத்தில், அங்கேயும் உப்பளக் காற்றுத்தான். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 இல், அதே ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டது. வடக்கே புத்தூர், நீர்வேலிப் பக்கம் சண்டை. மிஞ்சியது கோப்பாய்–கைதடி வழியும் செம்மணி–நாவற்குழி வழியும்தான். இலட்சக்கணக்கான சனம் மழையில், இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கிற ஒடுங்கிய வீதியில், அடி அடியாக நகர்ந்தது. அந்த இரவை இந்த ஊரில் உள்ள நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட எவரிடம் கேட்டாலும் சொல்லுவார்கள். அவர்கள் கடந்தது இந்த ஆற்றைத்தான். அந்த ஆற்றின் பெயர் அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தெரியாது.

வழி அடைபடுவது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டபோது ஒரு இறாத்தல் சீனிக்கு என்ன விலை கொடுத்தோம் என்று அம்மாமாரைக் கேளுங்கோ. அப்படிப்பட்ட சனம் தண்ணீருக்குரிய வழியைத் தன் கையாலேயே அடைக்கிறது.

இப்போது கிணற்றுக்கு வருவோம். குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதற்குள் இறங்கி, உப்பு நீருக்கு மேலே நன்னீராக மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றை வைத்து இதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது சுகம். மேலே நன்னீர், ஆழத்துக்குப் போனால் உப்பு. மேலிருந்து நன்னீர் குறையக் குறையக் கீழே இருக்கிற உப்பு ஏறிவரும். உப்பாற்றுப் பள்ளத்தில் மழைநீர் தேங்கி நின்றால் கரையோரக் கிணறுகளில் உவர் குறையும். அதை நிரப்பிவிட்டாலோ, கடல்நீர் ஏற விட்டாலோ உவர் மேற்கே நகரும். இன்றைக்கு வாதரவத்தைக் கிணறு, நாளைக்கு வீதிக்கு மேற்கே உள்ள கிணறு. மேட்டில் இருக்கிறவர்களும் இந்தக் கணக்கில் இருந்து தப்ப முடியாது.

இது நான் கண்டுபிடித்த விசயமும் இல்லை. பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954 இல் "யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு" என்ற திட்டத்தை முன்வைத்தார். கனகராயன் ஆறு கொண்டுவருகிற வன்னித் தண்ணீரை ஆனையிறவுக் களப்பில் மறித்து, முள்ளியானில் ஒரு வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் களப்புக்குள் விட்டு, அங்கிருந்து வல்லையால் உப்பாற்றுக்குக் கொண்டுவருவது. தொண்டைமானாற்று வாயிலும் அரியாலையிலும் தடுப்பணைகள், கடல்நீர் உள்ளே வராமலும் மழைநீர் வெளியே ஓடாமலும் பார்க்க. அணைகள் கட்டினார்கள், ஆனையிறவில் வேலை நடந்தது, முள்ளியான் வாய்க்கால் முடியவில்லை. அணைக் கதவுகள் பழுதாகின, பிறகு யுத்தம். அந்த வரைபடத்தில் கடைசிக் கண்ணி எங்கட உப்பாறு. எழுபது வருடத்துக்கு முதல் ஒரு மனுசன் இந்தப் பள்ளத்தைப் பார்த்து "ஆறு" என்றார். நாங்கள் பார்த்துக் "காணி" என்கிறோம்.

இதற்கிடையில் இரணைமடுத் தண்ணீருக்காகக் கிளிநொச்சி விவசாயிகளோடு மல்லுக்கட்டினோம். அவர்கள் மறுத்ததில் நியாயம் இருந்தது என்பது என் கருத்து, கோபிக்கிறவர்கள் கோபியுங்கோ. 2024 இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தார்கள், நாளுக்கு 24,000 கனமீற்றர். நல்லது, குடிக்கத் தண்ணீர் வரட்டும். ஆனால் கடலைக் காய்ச்சிக் குடிக்கிற அளவுக்கு வந்த ஒரு இனம், வானத்தில் இருந்து விழுந்த தண்ணீரைக் கடலுக்குள் விட்டுவிட்டு, அது தங்குகிற பள்ளத்தையும் கிரவல் போட்டு மூடுவதற்கு என்ன பெயர் வைப்பது? தமிழ் பாட ஆசிரியர்கள் சொல்லட்டும், நான் சமூகக்கல்விதான்.

"அரசாங்கம் செய்யாததுக்கு நாங்கள் என்ன செய்யிறது" என்று ஒரு கூட்டம் வரும். ஆறுமுகத்தின் திட்டத்தை நாங்கள் கட்டி முடிக்க முடியாது, சரி. இரவில் குப்பை கொண்டுபோகிற டிப்பர் யாருடையது என்று எங்களுக்குத் தெரியாதா? அதை ஓட்டுகிற பெடியன் யாற்ற மகன் என்று தெரியாதா? கல்யாண வீடு முடிந்து வாழையிலையும் பிளாஸ்ரிக் கோப்பையும் எங்கே போகின்றன? இதற்கும் கொழும்பில் இருந்து ஆள் வரவேண்டுமா? மார்க்க அறிவு உள்ளவர்களும், சைவம் பேசுகிறவர்களும், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்களும் எல்லோரும் சேர்ந்து கொட்டுகிற ஒரே இடம் அதுதான். ஊர் ஒற்றுமைக்கு வேறு உதாரணம் தேடவேண்டாம்.

நான் கேட்பது நாலே விசயம். மாரி தொடங்க முதல், வெள்ளம் எதுவரை ஏறுகிறது என்பதை வயது போனவர்களைக் கேட்டு, அந்த எல்லைக்குப் பிரதேச சபை கல் நடவேண்டும், அதற்குக் கிழக்கே கிரவல் இறங்கக்கூடாது. புத்தூர்–மீசாலை வீதியில் இருக்கிற ஒவ்வொரு மதகையும் எண்ணி எழுதவேண்டும். எத்தனை திறந்திருக்கிறது, எத்தனை மண் மூடிக் கிடக்கிறது என்று. காணி தேவைப்படுகிற குடும்பங்களின் பட்டியலையும், மேற்கே பூட்டிக் கிடக்கிற வளவுகளின் பட்டியலையும் ஒரே மேசையில் வைக்கவேண்டும். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்களில் இரண்டு பேராவது மனம் இரங்குவார்கள் என்று நம்புகிறேன். தண்ணீர் ஓடுகிற இடத்தில் "வீடு கட்டலாம்" என்று கடிதம் எழுதிக் கொடுக்கிறவர், அந்தக் கடிதத்தின் கீழே தன் பெயரை விளங்கக்கூடியதாக எழுதவேண்டும்.

மதகு எண்ணுகிற வேலையை என் வகுப்புப் பிள்ளைகள் தொடங்கிவிட்டார்கள். பெற்றோரின் கையெழுத்து வாங்கி, பெரிய ஆட்கள் மூன்று பேர் கூட வர, போன சனிக்கிழமை வண்ணாத்திப் பாலம் வரைக்கும் போனோம். பாலத்துக்கு இந்தப் பக்கம் மட்டும் மூன்று மதகு மண்ணும் குப்பையுமாக முழுக்க அடைபட்டுக் கிடக்கிறது. படம் கீழே போட்டிருக்கிறேன். இரண்டாவது படத்தில் உரப்பையில் கடைப்பெயர் தெரிந்தது. நான் அழித்துவிட்டுத்தான் போட்டேன். அந்தக் கடைக்காரருக்கு அது தன்னுடைய பை என்று தெரியும். வருகிற சனிக்கிழமை காலை ஆறரைக்கு மண்வெட்டியோடு திரும்பவும் போகிறோம்.